எங்கள் கால்களைக் கொண்டுபோன பேராசிரியர்

என் வலது காலும் இடது காலும் மெயின்லேண்டில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் அலமாரியில் கிடக்கின்றன. மீதி உடம்போடு நான் போர்ட் பிளேரில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருக்கிறேன். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே சொல்வதால், இவனுக்குக் கோபமே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருக்கிறது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் சூடு ஆறவில்லை. ஆனால் என் பிறவிக் கோளாறு, எனக்குக் கோபத்துக்கு முன்னால் பயம் வந்து நின்றுகொள்ளும். பயந்தால் நான் செய்கிற காரியங்களைப் பார்த்து என் பெண்டாட்டியே சிரிப்பாள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் சிரித்து முடித்த கையோடு போய்விடாதீர்கள்.

அறுபதுகளின் கடைசி அது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த சில குடும்பங்கள் மின்னி பே கரையோரம் தகரக் கூரைகளுக்குக் கீழே இருந்தோம். மற்றவர்கள் கடலுக்குப் போனார்கள். படகு லேசாக ஆடினாலே எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும் என்பதால் நான் தையல்காரன் ஆனேன். பஜாரில் ஒரு மிஷின் போடுகிற அளவுக்குக் கடை. கடைக்கு வருகிற துணியில் பாதி காக்கி. போலீஸ் ஸ்டேஷனை அங்கே எல்லா பாஷைக்காரர்களும் தாணா என்றுதான் சொல்வோம். எங்கள் பகுதித் தாணாவில் இருந்த அத்தனை பேருக்கும் சட்டையும் கால்சட்டையும் தைத்தது நான். ஒவ்வொருவரின் இடுப்பளவும் மனப்பாடம். ஒருவரின் இடுப்பளவு தெரிந்த பிறகு அவரைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது என்பீர்கள். நான் பயந்தேன். அளவெடுக்கும்போது கை நடுங்கும். அந்தக் காலத்தில் எங்கள் தாணாவில் எல்லாருக்கும் ஒரு பக்கத்துக் கை மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்ததற்கு அதுதான் காரணம். கேட்டால், மெயின்லேண்டில் இப்போது இப்படித்தான் போடுகிறார்கள் என்பேன்.

என் மனைவியின் தம்பி ஹார்பரில் லஸ்கர். லாஞ்ச் என்கிற மோட்டார் படகைக் கரையில் கட்டுவது, அவிழ்ப்பது, தளம் கழுவுவது, சாமான் ஏற்றி இறக்குவது எல்லாம் அவன் வேலை. பல வருஷமாகத் தினக்கூலி. அந்த வருஷம்தான் அவனுக்கு பெர்மனன்ட் ஆகிற முறை வந்தது. டாக்டர் பார்த்தாயிற்று, பெரிய ஆபீசர் தலையாட்டியாயிற்று. இவன் மேல் கேஸ் ஒன்றும் கிடையாது என்று தாணாவிலிருந்து ஹார்பர் ஆபீசுக்கு ஒரு வார்த்தை போய்விட்டால் போதும். அவனுக்கு ஷாதிபூரில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தோம். பெண்ணின் அப்பா, "தினக்கூலிக்குப் பொண்ணு கிடையாது, பெர்மனன்ட் ஆகிட்டு வாங்க" என்று சொல்லி எங்களுக்கு டீயும் கொடுத்து அனுப்பியிருந்தார். தினமும் கடையிலிருந்து திரும்பியதும் என் மனைவி வாசலிலேயே கேட்பாள்:

"தாணாவுல இருந்து போயிட்டா?"

"போகும்."

"நீங்கதானே அவனுவளுக்குச் சட்டை தைக்கிய? ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்தா போகும்?"

வெந்துதான் போகும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பேராசிரியர் கப்பலில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், தடிமனான கண்ணாடி, வெயில் தொப்பி, குரல் உயராத பேச்சு. போலீசும் பல்கலைக்கழகமும் கைகோத்து ஒரு ஆராய்ச்சி செய்யப்போகின்றன என்று தானேதார், அதாவது தாணாவுக்கு அதிகாரி, என்னிடம் பெருமையாகச் சொன்னார். இந்தத் தீவில் வங்காளி இருக்கிறான், ராஞ்சிக்காரன் இருக்கிறான், தெலுங்கன், மலையாளி, தமிழன் எல்லாரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்தின் காலும் எப்படி இருக்கிறது என்று மை தடவிப் பதித்துப் பார்க்கப்போகிறார்களாம். பிறகு எங்காவது சேற்றில் ஒரு காலடி கிடந்தால், இது இன்ன கூட்டத்து ஆள் என்று போலீஸ் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுமாம்.

"சயின்ஸ் ஹை, மாஸ்டர்ஜி, சயின்ஸ்!" என்றார் தானேதார். "நீ வந்து நாங்க சொல்றதைத் தமிழ்ல சொல்லணும்."

எனக்கு ஓரளவு இந்தி தெரியும். அது தெரியும் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டது என் தலைவிதி.

முதலில் லோக்கல்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தீவிலேயே பிறந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய தாத்தாக்கள் விலங்கு மாட்டிய காலோடு இந்தக் கரையில் இறங்கியவர்கள். காலைக் கொடு என்று போலீஸ் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் அத்தனை பேருக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. வங்காளிக் குடியேறிகள் நடவு என்று சொல்லி உள்ளே போய்விட்டார்கள். ராஞ்சிக்காரர்கள் காட்டு வேலைக்குப் போனவர்கள் காட்டிலேயே இருந்துகொண்டார்கள். கடைசியில் தானேதார் எங்கள் மாதா கோயில் உபதேசியாரைக் கூப்பிட்டு, சுத்தமான காலோடு பன்னிரண்டு ஆண்களை அனுப்பி வை என்று சொல்லிவிட்டார்.

உபதேசியாரிடம் போய்ப் பன்னிரண்டு பேர், சுத்தமான கால் என்று சொன்னால் அந்த மனுஷன் என்னதான் நினைப்பார்? எங்களில் பெரிய வியாழக்கிழமை என்று ஒன்று உண்டு. அன்றைக்குப் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்து, அப்போஸ்தலர்கள் என்று பாவித்து, மண்டியிட்டுக் கால் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அந்த நாற்காலியில் இடம் கிடைப்பது எங்கள் குடும்பங்களில் பெரிய கௌரவம். அதற்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன அண்ணன் தம்பிகள் உண்டு. உபதேசியார் யோசிக்கவே இல்லை, அந்த வருஷத்து அப்போஸ்தலர்களை அப்படியே தாணாவுக்கு அழைத்து வந்துவிட்டார். நானும் அதில் ஒருவன். அப்போஸ்தலர்களில் தையல்காரர் எவரும் இருந்ததாகத் தகவல் இல்லை என்பதால், எனக்கு எப்போதும் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவரின் நாற்காலிதான். என் மச்சினன் நடு நாற்காலி. ஆள் நல்ல உயரம்.

வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும்! வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கரை ஒதுங்கிய நுரைக்கல்லால் குதிகாலைத் தேய்தேய் என்று தேய்த்து, சோப்புப் போட்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டு, வரிசையாக உபதேசியார் பின்னால் நடந்து வந்தார்கள். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் கதவைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்துவிட்டான்.

பேராசிரியர் தாணா வராந்தாவில் கண்ணாடித் தட்டில் மை உருட்டி வைத்திருந்தார். மேசை தாணாவுடையது, மை தாணாவுடையது, கால் நழுவாமல் கணுக்காலைப் பிடித்துக்கொண்ட கையும் தாணாவுடையது. அங்கே நின்றுகொண்டு அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்:

"இது படிப்புக்காக எடுக்கிறது. போலீசுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாதாம். உங்க காலை ஐயாவைத் தவிர வேற யாரும் பார்க்கப்போறதில்லையாம்."

கணுக்காலைப் பிடித்திருந்த கான்ஸ்டபிளும் ஆமாம் என்று தலையாட்டினான்.

எண்ணெய் தடவியிருந்ததால் முதல் சில கால்கள் காகிதத்தில் வழுக்கிக்கொண்டு போயின. பேராசிரியர் பொறுமையாகத் துடைத்து, மறுபடி எடுத்தார். ஒவ்வொருவருக்கும் இரண்டு காலும், இரண்டு முறை. எங்களில் மூத்தவர் ஒருவர், மையை மண்ணெண்ணெயில் துடைத்த பிறகும் காலை எடுக்காமல் நீட்டியபடியே இருந்தார்.

"க்யா ஹுவா? முடிந்துவிட்டதே?" என்றார் பேராசிரியர்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "எப்பா, தொடச்சாச்சு. முத்தம் யாரு குடுப்பா? இவரா, தானேதாரா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஒரு மொழிபெயர்ப்பாளனாக நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

கொஞ்ச நாள் போயிற்று. கடற்கரைப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரின் கொடவுனில் திருட்டு. படகை ஓட்டும் பெரிய பித்தளை விசிறி ஒன்றைக் காணவில்லை. வந்தவன் கெட்டிக்காரன் இல்லை. அன்றைக்குத்தான் தளத்துக்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்த ஈரத்தில் ஒரு வலது காலை நன்றாக ஊன்றிவிட்டுப் போயிருக்கிறான். காலையில் அது காய்ந்து கல்லாகி, யாரோ வார்த்து வைத்ததுபோல் நின்றது.

தானேதாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். பேராசிரியருக்கு அதைவிட. அவர் டேப்பை எடுத்துக்கொண்டு கொடவுனில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார் என்று பஜாரெல்லாம் பேச்சு.

செய்தி என் கடைக்கு வந்தபோது நான் ஒரு காக்கிக் கால்சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால்சட்டைக்கு ஒரு பட்டன் கூடுதலாகப் போய்விட்டது. நான் அந்தக் கொடவுன் இருக்கிற திசையில்கூடப் போனவனில்லை. இருந்தாலும் என் கால் அங்கே போயிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொந்தக் கால்மீது சந்தேகம் வந்த மனுஷனைப் பார்த்திருக்கிறீர்களா? அன்று வீட்டுக்குப் போகும்போது ரோட்டை விட்டுவிட்டு அலை வந்து அழிக்கிற ஈர மணலில் நடந்தேன். குளித்துவிட்டு வந்து, சிமெண்ட் தரையில் விழுந்த ஈரக் காலடிகளைத் துண்டால் துடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். துடைக்கத் துடைக்கப் புதிதாக விழுந்துகொண்டே இருந்தது.

"என்ன இது, வீடு மொழுகுதீயளா?" என்றாள் மனைவி.

"காலடி."

"யாரு காலடி?"

"என் காலடி."

"உங்க வீட்டுக்குள்ள உங்க காலடி இல்லாம காண்ட்ராக்டர் காலடியா இருக்கும்?"

மறுநாள் ஒரு பழைய பூட்ஸ் சம்பாதித்து மாட்டிக்கொண்டேன். எனக்கு மிகவும் பெரிசு. உள்ளே துணி வெட்டிய துண்டுகளை அடைத்து, டக் டக்கென்று நடந்து கடைக்குப் போனேன். அதுவரை செருப்புக்கூடப் போடாத தையல்காரன் கொடவுன் திருட்டுக்கு மறுநாள் பூட்ஸில் வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்பது பஜாரைப் பாதி தாண்டிய பிறகுதான் தோன்றியது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அது இன்னும் மோசமாக இருந்தது. மிஷினை மிதிக்கவும் கால் வரவில்லை, மிதிக்கிற இடத்தில் தடம் விழுமாம்.

நான் இப்படி என் காலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது, தாணாக்காரர்கள் படகு கட்டும் ஜெட்டிக்குப் போய் என் மச்சினனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அகலமான இடைவெளி, பரந்த முன்பாதம். கொடவுன் காலடி இந்தக் கூட்டத்துக் கால் என்றும், இருக்கிற தாள்களில் இவனுடையதுதான் மிக நெருங்கி வருகிறது என்றும் பேராசிரியர் கருத்துச் சொல்லிவிட்டார். இருக்கிற தாள்களில்! இந்த இரண்டு வார்த்தைக்குள்தான் அக்கிரமம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. தீவு முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், எல்லாருக்கும் கால் இருக்கிறது. ஆனால் எவனெவன் போலீசுக்குக் கால் கொடுக்காமல் காய்ச்சலில் படுத்தானோ அவனுடைய கால் யாரோடும் நெருங்கி வராது. மரியாதை என்று நினைத்து, தேய்த்துக் கழுவி, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து நீட்டினவன் கால்தான் நெருங்கி வரும். வேறு எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? இதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என் வாயில் வந்ததெல்லாம், "சாப், பச்சா அச்சா ஹை சாப்" என்பதுதான். பையன் நல்லவன். ஆறடி உயரத்தில் மீசை வைத்திருந்த பையன்.

என் மனைவிக்கு இந்தி அவ்வளவு வராது. அது அவளுக்குத் தடையாகவும் இல்லை. தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாணாவுக்குள் போனாள்.

"சொல்லுங்க அவர்ட்ட. அந்தக் காலடி அங்கனதானே இருக்கு? எல்லாரையும் கூட்டிட்டு வந்து வச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

நான் சொன்னேன். தானேதார் சிரித்தார். ஆனால் பேராசிரியருக்கு ஆசை வந்துவிட்டது, பார்க்கலாமே என்றார்.

கொடவுன் முன்னால் ஊரே கூடிவிட்டது. அப்போஸ்தலர்கள் ஒவ்வொருவராக வந்து அந்தச் சிமெண்ட் குழியில் வலது காலை வைத்தார்கள். மச்சினன் கால் பொருந்தியது. அடுத்தவர் காலும் பொருந்தியது. உபதேசியார் கால், கௌரவமாக, இம்மி பிசகாமல் பொருந்தியது. என் முறை வந்தபோது கால் குழிக்குள் இறங்கவே இல்லை, விளிம்பில் தந்தி அடித்தது. கான்ஸ்டபிள் பிடித்து அமுக்கினான். எனக்குப் பொருந்தவில்லை. என் வாழ்க்கையில் எதற்கும் லாயக்கில்லை என்று சொல்லப்பட்டதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அப்போதுதான்.

மனைவி விடவில்லை. கான்ஸ்டபிள் பூட்ஸைக் காட்டி, "இதையும் கழத்தச் சொல்லுங்க" என்றாள். கூட்டம் ஓவென்று கத்தியது. அந்த ஆள் வெளிமாநிலத்துக்காரன், எங்கள் கூட்டமே இல்லை; விளையாட்டுப் போல் கழற்றி வைத்தான். வெண்ணெயாகப் பொருந்தியது. காண்ட்ராக்டரின் குமாஸ்தா காலும் பொருந்தியது. அப்புறம் அவள் தானேதாரின் பூட்ஸைப் பார்த்தாள். மனுஷன் கூட்டத்தைக் கலைக்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

"பொருந்துவது வேறு, அளப்பது வேறு" என்றார் பேராசிரியர், என்னிடம் மெதுவாக. "நான் சொன்னது நெருங்கி வருகிறது என்றுதான். குற்றவாளி என்று நான் சொல்லவில்லையே."

அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததைச் செய்வதற்குத்தானே மற்றவர்கள் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மச்சினனை விட்டுவிட்டார்கள். ஆனால் ஹார்பர் ஆபீசுக்குப் போக வேண்டிய வார்த்தை போகவில்லை. கேட்டால், பேராசிரியரின் கருத்து இருக்கிறதே என்றார் தானேதார். பேராசிரியரிடம் போய்க் கேட்டேன், அது போலீஸ் விஷயம் என்றார். போலீசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று என் வாயால் சொல்ல வைத்த அதே மனிதர்! பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "கவலைப்படாதே, நான் எழுதப்போகிற கட்டுரையில் யார் பெயரும் வராது" என்றார். யாரென்றே தெரியாதவர்கள் படிக்கிற இடத்தில் என் மச்சினன் பெயர் வராதாம். அவனை நன்றாகத் தெரிந்த தாணாவில் மட்டும் இருக்குமாம். எந்தப் படிப்பில் இந்த நியாயத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஷாதிபூரில் பெண்ணின் அப்பா எங்களுக்கு டீ கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஹார்பர் ஆபீசில் ஹெட் கிளார்க், மாசம் முடிவதற்குள் தாணாவிலிருந்து பதில் வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

மாசம் முடிகிற நேரத்தில் பேராசிரியர் கிளம்பினார். ஜெட்டியில் மரம் ஏற்றும் கப்பல் ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் மெயின்லேண்ட் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. பிரயாணிகள் லாஞ்சில் போய்த்தான் ஏற வேண்டும். அது என் மச்சினனுடைய லாஞ்ச். பேராசிரியரின் மரப்பெட்டியை, எங்கள் கால்கள் அடுக்கியிருந்த பெட்டியை, அவன்தான் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தளத்தில் வைத்தான். வழியனுப்பத் தானேதார் மாலையோடு வந்திருந்தார். பேராசிரியர் தைக்கக் கொடுத்த கால்சட்டையைக் கொடுக்கிற சாக்கில் நானும் வந்து, மனைவி வீட்டில் உருப்போட வைத்து அனுப்பிய வார்த்தைகளோடு லாஞ்சில் ஏறினேன்.

"சாப்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "தானேதார் இங்கேயே நிற்கிறார். அந்தக் கால் இவனுடையது என்று நிச்சயமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனிதர்தான், அதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். கரையைப் பார்த்து, "அந்தக் காலடி விஷயத்தில் முடிவாக எதுவும் சொல்ல முடியாது" என்றார் உரக்க.

தானேதார் சிரித்துவிட்டார். "அரே சாப், வோ கேஸ் தோ கப் கா கதம்! அது எப்பவோ முடிஞ்சு போச்சு. விசிறி கிடைச்சிடுச்சு. காண்ட்ராக்டரோட மச்சான்தான் எடுத்திருக்கான். வீட்டு விஷயம்னு அவரே புகாரைத் திருப்பி வாங்கிட்டார்."

"பிறகு ஏன் எங்கள் பையனுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை?" என்று கேட்டது யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

"ப்ரொஃபசர் சாப் இந்தக் கேசைத்தானே ரிப்போர்ட்ல எழுதிட்டிருந்தார். நடுவுல எதுக்குக் கெடுக்கணும்? அவர் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்னு வச்சிருந்தேன்."

இதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹார்பரில் வேலை செய்கிறவனுக்கு இவ்வளவு இந்தி தெரியும். மச்சினன் கரைக் கயிற்றின் அருகே நின்றுகொண்டிருந்தான். அதை அவிழ்க்க வேண்டிய நேரம். அவன் அதைப் பார்த்தான், தானேதாரைப் பார்த்தான், பிறகு அந்தக் கயிற்றுச் சுற்றின்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

கப்பல் ஒருமுறை ஊதியது.

"சோடோ! அவிழ்த்துவிடு!" என்றார் தானேதார்.

"ஹெட் கிளார்க் ஆபீஸ்ல இருக்காரு சாப்," என்றான் அவன், மரியாதையாகத்தான். "அங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. அவிழ்க்கேன்."

 இருக்கிற தினக்கூலியும் போகப்போகிறது, சர்க்கார் லாஞ்சை நிறுத்தியதற்காக உண்மையாகவே ஒரு கேஸ் வரப்போகிறது, அதில் பக்கத்தில் நின்ற என்னையும் சேர்ப்பார்கள். "மாப்ள, அவிழ்த்து விடுலே, உனக்குப் புண்ணியமாப் போவும்," என்று கெஞ்சினேன். கையிலிருந்த கால்சட்டையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அத்தான், நீங்க சும்மா இருங்க."

லாஞ்ச் ஓட்டும் சாரங் ஒரு மலையாளி. தானேதார் அவரைப் பார்த்துக் கத்தினார். சாரங் இன்ஜின் பக்கம் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இன்ஜின்ல என்னமோ சத்தம் சாப். பார்க்கணும்," என்றார். மற்ற லஸ்கர்கள் இரண்டு பேரும் போய் மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிரயாணிகள் முணுமுணுத்தார்கள். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு கரைக்குக் கேட்கும்படி, "தானேதார் சாப், தயவுசெய்து, எனக்குக் கப்பல் போய்விடும்" என்றார்.

எங்களுக்காக அந்த மனிதர் கேட்ட ஒரே காரியம் அது. அதுவும் தன் கப்பலுக்காக.

கப்பல் இரண்டாம் முறை ஊதியது. தானேதார் மாலையை ஒரு கூலியின் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். ஜெட்டியிலிருந்து ஆபீஸ் வரை நல்ல வெயில். நான் தைத்த சட்டைதான், இடது கை நீளமாகத் தொங்கியது. உள்ளே போனார்.  சற்று நேரத்தில் ஹெட் கிளார்க் வாசலுக்கு வந்து, லாஞ்சைப் பார்த்துக் கையை உயர்த்தி, ஆயிற்று என்பதுபோல் ஆட்டினார்.

மச்சினன் எழுந்து கயிற்றை அவிழ்த்தான். வழக்கம்போல் சுருட்டி அதன் இடத்தில் வைத்தான்.

லாஞ்ச் நகர்ந்த பிறகுதான் நான் இறங்கவில்லை என்பது தெரிந்தது. அலையில் லாஞ்ச் ஆட ஆரம்பித்தது, என் குடலும் ஆரம்பித்தது. பேராசிரியர் என் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, நீ பெரிய உதவி செய்திருக்கிறாய், கட்டுரையின் முடிவில் உனக்கு நன்றி எழுத விரும்புகிறேன், உன் முழுப் பெயர் என்ன என்று கேட்டார்.

"அந்தப் பெட்டியில் எங்கள் கால் இருக்கிறதே, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சாப்," என்றேன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

அது பல்கலைக்கழகத்தின் சொத்து என்றார் அவர். எனக்குப் பதில் சொல்ல வாய் வந்தது, கூடவே காலையில் சாப்பிட்டதும் வந்தது. கடலில் குனிவதற்குள் பாதி தளத்திலேயே விழுந்துவிட்டது. கப்பலின் பக்கவாட்டுப் படிக்கட்டில் மச்சினன் அந்தப் பெட்டியைத் தோளில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இறங்கி வந்தான்.

"கடல்ல போட்டிருக்கலாமே மாப்ள," என்றேன் வாயைத் துடைத்துக்கொண்டு. "கை வழுக்கிட்டுன்னு சொல்லியிருக்கலாமே."

"போட்டுட்டா வேலை நிக்குமா அத்தான்?" என்றான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. நான் அசிங்கப்படுத்திய இடத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தான்.